விடியிற வரைக்கும் கத்தணும்

ஆமா தாயி, போன வாரம் உங்கிட்ட வாங்குனதுதான். கீழ போடல, தண்ணியில நனைக்கல. நல்லாத் திருப்பிப் பாரு. இந்தா ஒயரு, இந்தா கொழா. பேட்டரி மருந்தடிக்கிற மிசினுல கழட்டுனது, அது நல்லாத்தான் இருக்கு. இந்தப் பாட்டுப் பொட்டிதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.

மொதல்ல அந்த இங்கிலீஷ் பொம்பளைய வெளிய போகச் சொல்லு.

எந்தப் பொம்பளையா? இதுக்குள்ள ஒருத்தி இருக்காள்ல. பட்டனை அமுக்குன ஒடனே நீட்டி முழக்கி என்னமோ சொல்றாளே, அவதான். இங்கன கடையில கேட்டா சின்னச் சத்தம். கொழாயில மாட்டிக் காட்டுக்குள்ள வச்சா அவ கொரலு கண்மாய்க் கரையைத் தாண்டிப் போகுது. இருட்டுல மக்காச்சோளத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பள இங்கிலீஷு பேசுனா ஊரு என்ன நெனைக்கும்? சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வரல.

எடுக்க முடியாதா? பொட்டியோட சேந்து வந்தவளா? அப்ப என்ன செய்ய... ம். ம். கொழா ஒயரைப் புடுங்கிட்டுப் பட்டனை அமுக்கணும். அவ பேசி முடிச்சப்புறம் ஒயரைச் சொருகணும். அவ்வளவுதானா? இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல. நான் கேக்கலையா? இவ உள்ள இருக்கான்னு தெரிஞ்சால்ல கேப்பேன்.

அடுத்தது பாட்டு. சிப்புல நீ போட்டுக் குடுத்த பாட்டு அம்புட்டையும் அழி. ஒண்ணுகூட வேணாம். சாமிப் பாட்டும் வேணாம். அவ பேசி முடிச்ச கையோட எவனோ ஒருத்தன் காதல் பாட்டை எடுத்துவிட்டுட்டான் தாயி. எதை அமுக்குனா நிக்கும்னு இருட்டுல ஆம்புடல. அமுக்க அமுக்க சத்தந்தான் கூடுது. முழுப் பாட்டையும் பாடி முடிச்சுட்டுத்தான் விட்டான். காலையில டீக்கடையில அந்தக் கோட்டைச்சாமிப் பய கேக்குறான், என்ன மாமா, பன்னிக்கு மறுவீடா, ரேடியோ செட்டெல்லாம் பலமா இருந்துச்சேன்னு.

காட்டுப்பன்னிக்குத்தான், வேற என்னத்துக்கு? இந்த வயசுல பாட்டுக் கேட்டுக்கிட்டு ஆடவா போறேன்?

கருது முத்துற நேரம். ஒரு ராத்திரி ஆளில்லேன்னா வெள்ளாமை காலி. திங்கிறது கொஞ்சந்தான், முறிச்சுச் சாய்க்கிறது பூராம். அதான் ஆளாளுக்கு மிசினு வாங்கி வச்சுருக்கான். பக்கத்துக் காட்டுக்காரன் சண்முகவேல் புலிச் சத்தம் வச்சுருக்கான். நம்ம கரட்டுப் பன்னி எந்தக் காலத்துல புலியைப் பாத்துச்சு? அது பாட்டுக்கு உறுமுது, இது பாட்டுக்குத் திங்குது.

நாய்ச் சத்தமும் வேணாம். வேட்டுச் சத்தமும் வேணாம். கம்ப்யூட்டர்ல ஆம்பளை கத்துறது இருக்கா? அதுவும் வேணாம். எஞ் சத்தந்தான் வேணும். ஆரோ ஒரு மனுசன் சத்தம் இல்ல. எஞ் சத்தம்.

நீ சொன்ன மாதிரி செவப்புப் பட்டனை அமுக்கி நானே பதிஞ்சு பாத்துட்டேன். மத்தியான நேரம், காட்டுல ஆருமில்லேன்னு கெணத்து மேட்டுல நின்னு, வாய்க்கிட்ட பொட்டியை வச்சு, ஏ...ய்னு ஒரு சத்தம் குடுத்தேன். ஒடைக்கு அந்தப் பக்கம் ஒரு மயிலு. எனக்கு எதிர்ச்சத்தம் குடுத்துருச்சு. அதுவும் உள்ள போயிருச்சு. எனக்கு அது தெரியல. ராத்திரி இது ஏய்ங்குது, மயிலு கத்துது. மறுபடி ஏய்ங்குது, மயிலு கத்துது. விடிஞ்சதும் எம் மகன் அழகுராஜா கேக்குறான், என்னப்பா, நீ கத்துன ஒடனே ஒரு மயிலு கத்துது, ஒரு தடவைகூடத் தப்பலையே, அதுவும் ராத்திரியிலங்கிறான். பழகிருச்சுடா, எனக்குத் தொணையா இருக்குன்னு சொல்லி வச்சேன். நம்புனானோ என்னமோ. மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான்.

அதையும் அழிச்சுட்டியா? நல்லது. மயிலு போயிருச்சுல்ல? திரும்ப ஒருக்காப் பாத்துக்க.

அப்புறம் இந்த நீலக் கண்ணு. இதை மூடணும். வெளிச்சம் இருந்தா பன்னி கிட்ட வராதா? சரித்தான், இருக்கட்டும். எனக்கு வேணாம். கருப்பு டேப்பு இருந்தா ரெண்டு சுத்துச் சுத்திவிடு. வீட்டு மாடியிலருந்து பாத்தா தெரியுது. ஆரு பாக்குறதா? ஆராச்சும் பாப்பாக. நீ சுத்து தாயி.

முக்கியமான சங்கதிக்கு இப்பத்தான் வாரேன். இது தானா அணைஞ்சுருது. கொஞ்ச நேரம் கத்துது, அப்புறம் செத்த பொணம் மாதிரி கெடக்கு. பேட்டரி இல்லாம இல்ல. தட்டி எழுப்புனா கத்துது. நம்ம கை படலேன்னா தூங்கிருமா? எவன் கண்டுபிடிச்சான் இதை? காவலுக்கு வச்சது தூங்குனா அது என்ன மிசினு? அந்தத் தூக்கத்தை எடு. விடியிற வரைக்கும் கத்தணும். நடுவுல ஒரு தடவை நின்னாலும் எனக்குப் பிரயோசனம் இல்ல. என்ன, அமுக்கிட்டியா? அதுக்குள்ளயா? இனிமே அணையாதுல்ல? சத்தியமா?

போனுக்குச் சார்ஜு ஏத்துற கட்டியா? அதையும் சேத்துச் சொருகிட்டா விடியிற வரைக்கும் பயமில்லையா? சரி, குடு. அதுலயும் லைட்டு எரியுமா? அதுக்கும் ஒரு டேப்பு.

இல்ல, இல்ல, இல்ல. அப்படி வைக்காத. ஒரே சத்தத்தைச் சுத்திச் சுத்தி விட்டா அது கடியாரம். மனுசன் அப்படியா கத்துவான்? ஒரு சத்தம் போடுவான். பீடியைப் பத்த வைப்பான். கொஞ்சம் கண்ணசருவான். திடுக்குனு முழிச்சு ரெண்டு சத்தத்தைச் சேத்துப் போடுவான். பனியில இருமுவான், காறித் துப்புவான். எல்லாம் வேணும். மாத்தி மாத்தி வரணும். இதுக்கப்புறம் இதுதான்னு ஆரும் சொல்ல முடியாத மாதிரி வரணும்.

பன்னிக்கு எதுக்கு இருமலா?

பன்னிக்குத் தெரியாதுதான். விடமாட்ட போலருக்கே. சரி, கேட்டுக்க. எம் மகனுக்குத் தெரியும்.

அவன் மாடியில தகரம் போட்டு அதுலதான் படுக்கான். காடு எங்க வீட்டுலருந்து கூப்புடு தூரம். போன மாசம் மேக்க ஒருத்தரைப் பன்னி தொடையில கிழிச்சுருச்சு. அதுலருந்து அவனுக்குப் பயம். நீ வேணாம்ப்பா, நான் போறேன்னான். காலங்காத்தால லோடு ஆட்டோ எடுக்குறவன் ராத்திரி பூராம் முழிச்சா எங்கிட்டாவது கொண்டுபோய்ச் சாத்திருவான். நாந்தான் போவேன்னுட்டேன். அதனால படுத்துக்கிட்டே காதைக் காட்டுலயே வச்சுருக்கான். கொஞ்ச நேரம் எஞ் சத்தம் கேக்கலேன்னா, அப்பா... ஓய்ம்பான். நான் பதிலுக்கு ஓய்னு சொல்லணும். போனு அந்தப் பள்ளத்துல எடுக்காது. இல்லேன்னா போனுல கேப்பான்.

அவன் கூப்புட்டா பொட்டி பதில் சொல்லுமா? சொல்லாதுன்னு எனக்கே தெரியும். சும்மா கேட்டேன். அதான் ஒரு வாரமா அவனைப் பழக்கி வச்சுருக்கேன். அவன் கூப்புடுறதுக்கு முந்தியே நான் ஒரு சத்தம் போட்டுருவேன். இப்ப அவன் கூப்புடுறதையே விட்டுட்டான். கேட்டுக்கிட்டே தூங்கிருவான்.

நின்னுட்டா என்ன ஆகுமா? அதையும் பாத்துட்டேன். நாலு நாளைக்கு முந்தி பொட்டியை மரத்துல கட்டிட்டு நான் பக்கத்துல சோளத்துக்குள்ள உக்காந்துக்கிட்டேன், இது எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க. சொன்னேன்ல, நடுவுல தூங்கிருச்சு. சரி, எம்புட்டு நேரத்துல வாரான்னு பாப்போமேன்னு நானும் வாயைத் தொறக்கல. அப்பா ஓய்ங்கிறான். நான் பேசல. மறுபடி ஓய்ங்கிறான். ஒரு வெத்தலை போடுற நேரம் இருக்காது தாயி, டார்ச்சு லைட்டோட வந்து நிக்கிறான். காலுல செருப்பு இல்ல. இந்தக் கையில லைட்டு, அந்தக் கையில அருவா. காவலுக்குப் போட்ட கட்டில்ல ஆளக் காணோம்னதும் கொரலு ஒடைஞ்சு போச்சு. அப்பா, அப்பான்னு சோளத்தை விலக்கிக்கிட்டு ஓடுறான். சின்னப் பிள்ளையில திருவிழாக் கூட்டத்துல கைய விட்டப்பதான் அப்படிக் கத்துனான். வெளிக்குப் போயிருந்தேன்டான்னு எந்திரிச்சு வந்தேன். கிட்ட வந்து எம் வேட்டி மண்ணைத் தட்டிவிட்டுட்டுப் போனான்.

பாசக்காரந்தான். ஆரு இல்லேன்னா?

ஆமா. இன்னைக்கு ராத்திரி நான் காட்டுல இருக்க மாட்டேன். இருக்குற மாதிரி அவனுக்குக் கேக்கணும். வெளியூருக்குப் போறேன்னு சொல்ல முடியாது. கருது நிக்கிற நேரத்துல அப்பன் எங்க போறான்னு கேப்பான். சொந்தக்காரவுக வீட்டுப் பேரைச் சொன்னா ஒடனே போனைப் போட்டு விசாரிப்பான். எங்க போறேன்னு நீ கேக்காத. வேலையைப் பாரு.

நல்ல ரோசனை சொல்ற. ஒண்ணுமில்லாததையும் பாட்டு மாதிரி உள்ள போடலாமா? வெறும் அமைதி கொஞ்சம், அதைவிட நீளமா கொஞ்சம், அதுக்கு நடுவுல எஞ் சத்தம். எல்லாத்தையும் கலைச்சு விட்டுட்டா எது எப்ப வரும்னு பொட்டிக்கே தெரியாது. அட. படிச்ச மூளை. அமைதியை இங்கன பதிய முடியாது தாயி, தூத்துக்குடி லாரி ஒவ்வொண்ணா உறுமிக்கிட்டுப் போகுது. அதைக் கம்ப்யூட்டர்லயே செஞ்சுருவியா? செய்யி.

எஞ் சத்தத்தை இப்பவே பதிஞ்சுக்க. ஊருல வச்சுப் பதிய முடியாது. மயிலு விட்டா கோழி, கோழியை விட்டா எவனாவது வந்து என்ன சின்னையா தனியாக் கத்துறீகம்பான். கடை சட்டரை எறக்கு. பாதி போதாது, முழுசா எறக்கு. லாரி ஆரன் உள்ள வந்துச்சுன்னா எங்க காட்டுக்குள்ள லாரி எப்படி வந்துச்சுன்னு கேப்பான். ஒண்ணொண்ணுக்கும் பதில் சொல்ல என்னால ஆகாது.

அமுக்கிட்டியா? சொல்லு.

ஏ...ய்! ஆரு அங்கிட்டு! போ... போ... ஓடு!

ம். அடுத்தது.

ஓய்... ஓய்... ஓ...ய்! மேக்க போகுது பாரு! ஏய்!

இருமல் கேட்டேன்ல, அது தன்னால வருது இப்ப. அமுக்கு, அமுக்கு, விட்டுறாத.

வந்துச்சா? போதும், தொண்டை போயிரும். கொஞ்சம் தண்ணி குடு.

இன்னும் ஒண்ணு இருக்கு. இது கொஞ்சம் தாழ்த்தி.

இருக்கேன்டா... இங்கனதான் இருக்கேன்... நீ தூங்குப்பா.

அவ்வளவுதான். நிப்பாட்டு.

என்ன அப்படிப் பாக்குற? அப்பப்ப அப்படிச் சொல்றதுதான். அதைக் கேட்டாத்தான் அவன் பெரண்டு படுப்பான். அது இல்லாம மத்ததெல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்ல. சிப்புல ஏத்து. வெரசா. வெளிய பஸ்ஸு சத்தம் கேக்குதா பாரு. பொழுது சாயுறதுக்குள்ள நான் ஊருக்குப் போய், இதைக் கட்டிட்டு, இருட்டுனதும் கண்மாய்க்குள்ள எறங்கி நடந்து வந்து, திரும்ப இங்கன ரோட்டுக்கு வந்து பஸ்ஸு ஏறணும். விடியிறதுக்குள்ள மறுபடி கட்டில்ல கெடக்கணும்.

ஏன் கைய எடுத்துட்ட?

ஏத்து தாயி. என்ன, சிப்பைக் கழட்டுற?

குடிக்கிறதுக்கு இம்புட்டு ஏற்பாடான்னு கேக்குறியா? சரி, குடிக்கத்தான் போறேன்னு வச்சுக்க. சீட்டாடப் போறேன்னு வச்சுக்க. உனக்கென்ன. நீ வாங்குன காசுக்கு வேலை செஞ்சு குடு.

உங்க வீட்டுல குடிச்சுட்டுப் பொய் சொல்றாகன்னா அதுக்கு நான் என்ன செய்ய? நீ எம் மகனுக்காகப் பேசுற. செருப்பில்லாம ஓடி வந்தவனை ஏமாத்தாதீகங்கிற. சரித்தான். நானும் அதைத்தான் ஒரு வாரமா நெனைச்சுக்கிட்டுருக்கேன். எனக்கு நல்லவன் அவன். நெசமாவே நல்லவன்.

சிப்பைக் குடு. வேற கடைக்குப் போறேன். எங்க போறது, எல்லாக் கடையிலயும் அவன் சேக்காளிக இருக்கானுக. அதுக்குத்தான எங்க ஊரு ரோட்டுல ரெண்டு கடையைத் தாண்டி உங்கிட்ட வந்தேன்.

சட்டர் எறக்கித்தான இருக்கு?

எனக்கு மகளும் ஒருத்தி இருக்கா. சுகந்தி. ராபின்னு ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. நம்ம ஆளுக இல்ல. அவ போன அன்னைக்கு எம் மகன் அவுக வீட்டு வாசல்ல போய் நின்னான். அதே அருவாதான். அவுக அங்க இல்ல, அதனால ரெண்டு பேரும் உசுரோட இருக்காக. இன்னும் அவன் ஆட்டோ சீட்டுக்கடியில துணி சுத்திக் கெடக்கு. எந்த ஊருக்கு லோடு ஏத்திட்டுப் போனாலும் அவன் கண்ணு அவளைத் தேடும். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டுருக்கான்.

அவ அருப்புக்கோட்டையிலதான் இருக்கா. எனக்கும் அது தெரியாது. ராபினோட தங்கச்சி ஜெப ஷீலாதான் சந்தையில வந்து பக்கத்துல நின்னு, தக்காளி பொறுக்குற மாதிரி குனிஞ்சுக்கிட்டே சொன்னா. மாசம் நெருங்குது மாமா, ரத்தக் கொதிப்புன்னு ஆசுபத்திரியில படுக்க வச்சுட்டாக, அண்ணன் வண்டியில குஜராத்துக்குப் போயிருக்கு, பகல்ல நான் பாத்துக்கிறேன், ராத்திரி எனக்கு மில்லுல சிப்ட்டு, லீவு போட்டா வேலையை விட்டு எடுத்துருவாகன்னா. அவ்வளவுதான் சொன்னா. வாங்கன்னுகூடக் கேக்கல. தக்காளியைக் கூடையிலயே போட்டுட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலந்தான் உங்கிட்ட வந்து இந்தப் பொட்டியை வாங்குனேன்.

முந்தாநாள் பெத்துட்டா. ஆபரேசன். பிள்ளை எடை பத்தலைன்னு கண்ணாடிப் பொட்டியில வச்சுருக்காகளாம். ராபின் வந்துக்கிட்டுருக்கான், வந்து சேர இன்னும் நாளாகும். இவளுக்கு ஆத்தா இருந்தா அவ போயிருப்பா. அவளும் போய்ச் சேந்துட்டா.

சிப்பைத் திரும்பச் சொருகிட்டியா? நல்லது. அந்தக் கடைசிச் சத்தத்தை மட்டும் ரெண்டு தடவை போட்டுக்க.

காலையில ஜெப ஷீலா போனுல சொன்னா. நேத்து ராத்திரி நர்சம்மா வெளிய வந்து, சுகந்தி கூட ஆரு வந்துருக்கீகன்னு கேட்டாகளாம். மருந்துச் சீட்டு குடுக்க. ஆரும் எந்திரிக்கல. ரெண்டாந்தடவையும் கேட்டாகளாம். அப்புறம் பக்கத்துக் கட்டில் பிள்ளையோட மாமியாதான் போய் வாங்கிருக்கு. இவ உள்ள படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுருந்துருக்கா.

அது பொம்பளைங்க வார்டு, ஆம்பளையை உள்ள விடமாட்டாகளாம். வேணாம். நான் உள்ள போகல. என்னைப் பாத்தா அவ என்ன சொல்லுவாளோ, அதுவும் தெரியாது. கதவுக்கு வெளிய உக்காந்துருப்பேன். இன்னைக்கு நர்சம்மா வந்து சுகந்தி கூட ஆருன்னு கேட்டா, எந்திரிச்சு நிக்க ஒரு ஆளு வேணும்ல.